சீட்டில் விழாத வரி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவுக்கு இருமல் விட்டதா? நான் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் ஆபீசில் ஒன்று நடந்தது. கவலைப்பட ஏதுமில்லை. மருத்துவமனைகளுக்கு மருந்துச் சீட்டு அச்சடிக்கும் மென்பொருள் எங்களுடையது. % குறியைக் கண்டால் அது அந்த வரியின் மிச்சத்தை விழுங்கிவிடும். விழுங்காமல் காப்பதற்கென்றே ஒரு சின்ன நிரல் உண்டு. அதற்குள் கண்ட கண்ட எழுத்துகளையும் கணினியே தானாகப் போட்டுச் சோதிக்கும்படி செய்வது என் வேலை. ஆயிரக்கணக்கான சோதனைகளில் தேறிய நிரல், % குறிக்கு முன்னால் ஒரு சாய்கோடும் சேர்ந்து \% என்று வந்ததும் தோற்றுவிட்டது.

மேலதிகாரி சிரித்தார். "இப்படி யாரும்மா டைப் அடிப்பாங்க? நாளைக்கு அனுப்பியாகணும்."

எனக்கு மனசு கேட்கவில்லை. மருத்துவமனை கொடுத்திருந்த பழைய சீட்டுகளை முழுக்கத் தேடினேன். ஒரு நர்ஸ் எப்போதும் அப்படித்தான் அடித்திருந்தார். அதில் ஒரு சீட்டை எங்கள் மென்பொருளில் அச்சடித்து மேலதிகாரியின் மேசையில் வைத்தேன். மருந்தின் பெயர் இருந்தது. அந்தக் குறிக்குப் பின்னால் இருந்த "குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது" என்பது மட்டும் அச்சில் விழவில்லை.

அவர் இரண்டு தரம் படித்தார். பிறகு மருத்துவமனைக்குப் போன் போட்டு, "ரெண்டு நாள் தாமதமாகும், தப்பு எங்க மேல" என்றார். திருத்தி, மறுபடி சோதித்து, நேற்றுதான் அனுப்பினோம். எனக்கு இன்றைக்கு லீவு.

என் கம்பளிச் சட்டையை அனுப்பும்போது உங்கள் கையால் எழுதிய மளிகைப் பட்டியல் ஒன்றையும் உள்ளே வையுங்கள். பழையதே போதும். நான் போன் பண்ணும்போது டிவியை அணைக்காதீர்கள், பின்னால் ஓடட்டும்.

தபால் பெட்டியைத் திறக்க ஆள் வந்துவிட்டார், ஓடுகிறேன்.

உங்கள் மகள்