சீனி இல்லாத தேத்தண்ணி

பலெர்மோ,
ஞாயிறு பின்னேரம்

அன்பு மகள் அபிதாவுக்கு,

நானும் தம்பி கீர்த்திகனும் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிருக்குள் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க நல்லூரான் துணை நிற்கட்டும். தம்பிக்குப் பொலிதேயாமாப் பக்கத்து ஹோட்டலில் வேலை நிரந்தரமாகிவிட்டது, ஆனால் வீட்டுக்கு வந்தால் சோற்றுக் கோப்பைக்கு முன்னாலேயே தூங்கி விழுகிறான். எங்கள் லிஃப்டை இன்னும் திருத்தவில்லை, என் முழங்காலுக்கு அதுதான் கவலை.

நீ ஆய்வுக்கு எடுத்து எனக்கும் அனுப்பிய அந்தப் பழைய காலத்துப் பெண் கவிஞரின் வாழ்க்கை வரலாற்றை வாசித்து முடித்தேன். முதலில் நிலவையும் அருவியையும் பாடித் திரிந்த பணக்கார வீட்டுப் பிள்ளை என்றுதான் நினைத்தேன். அப்பாவின் சீனிக் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் வேலை செய்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து தேநீருக்குச் சீனி போடுவதை விட்டு, பாட்டையும் அந்தப் பக்கம் திருப்பி, அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார், சட்டம் மாறுவதைப் பார்க்காமலே கண்ணை மூடியும் விட்டார்.

போன ஞாயிறு அகஸ்ரீனா வந்திருந்தாள், லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான இத்தாலியச் சிஞ்ஞோராவைப் பராமரித்துக்கொண்டு அங்கேயே தங்கியிருக்கும் மன்னார்ப் பிள்ளை, உனக்கு நினைவிருக்கும். வழக்கம்போல் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கி நக்கித் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நான் சொன்ன கதையைக் கேட்டாள். பனங்கட்டியைக் கடிச்சுக் குடிச்சிருந்தால் பாவமும் இல்லை, வாயும் இனிச்சிருக்கும், எங்கட ஊரில அவவுக்கு ஒரு சிநேகிதி இல்லாமல் போச்சே ரீச்சர் என்று பகிடி விட்டாள். நானும் சிரித்துவிட்டு மிச்சத்தைச் சொன்னேன். அந்த அப்பா கொடுமைக்காரர் இல்லை, அடிமைகளுக்கு வருத்தம் வந்தால் மருந்து அனுப்புவார், நத்தார்ப் பண்டிகைக்கு உடுப்புக் கொடுப்பார். மகள் அவரிடம் கேட்டது ஒன்றுதான், அவர்கள் போக விரும்பினால் விடுவீர்களா என்று.

அகஸ்ரீனாவின் கையில் சீனி கரைந்து பிசுபிசுத்தது. பிறகுதான் சொன்னாள், வேலைக்குச் சேர்ந்த கிழமையே சிஞ்ஞோராவின் மகன், துலைஞ்சு போகும், நான் வைச்சிருக்கிறன் என்று பாஸ்போட்டைக் கேட்டாராம், இவளும் பெரிய மனிசர் கேட்டால் மறுக்கிறது மரியாதையில்லை என்று தானாகவே கொடுத்தாளாம். தை மாதம் ஊரில் இவளின் மகளுக்குக் கலியாணம், போய்வரப் பாஸ்போட்டை இரண்டு தரம் கேட்டும் யோசிப்பம் என்கிறாராம். அவையள் நல்ல ஆக்கள்தான் ரீச்சர், நானும் அடிமையோ என்று கேட்டாள். இல்லைப் பிள்ளை, மூக்கடைக்கிற தடிமனையும் ஆளைக் கொல்லுற நெருப்புக்காய்ச்சலையும் ஒன்றாக்கக் கூடாது, ஆனால் தடிமனுக்கும் மருந்து குடிக்கத்தானே வேணும் என்றேன். கெஞ்சாமல், சண்டை பிடிக்காமல் கேள், மறுத்தால் தொழிற்சங்கத்துக்கு நானும் வாறன் என்றும் சொன்னேன். அந்தக் கிழமை முழுக்க, அவளுக்கு வேலையும் போய்த் தங்குகிற இடமும் போய்விடுமோ என்று எனக்குத்தான் பயம்.

வியாழக்கிழமை கேட்டிருக்கிறாள். ஓடிப்போகப் போறியோ என்று மகன் சிரித்தாராம். ஓடுற ஆள் கேட்டுக்கொண்டு நிக்க மாட்டாள், நான் திரும்பி வாறதுக்காகத்தான் கேக்கிறன் என்றாளாம் இவள். அடுத்த மாதம் பார்ப்பம் என்று அவர் தொடங்க, கதிரையில் இருந்த கிழவி, அது அவளின்ரை, இப்பவே குடு என்றாவாம். என்னத்தைச் சொல்ல, நான் அந்த மனிசியை இத்தனை நாளும் வேறு மாதிரி நினைத்திருந்தேன்.

இன்றைக்கு வந்து பாஸ்போட்டை மேசையில் வைத்தாள். நான் சீனிப் போத்தலை எடுக்க, வேண்டாம் ரீச்சர், அந்தக் கவிஞர்ப் பெட்டை குடிச்ச மாதிரி ஒருக்கால் குடிச்சுப் பாப்பம் என்றாள். ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்து, என்ன கசப்பு, சாகுமட்டும் இதையோ குடிச்சவள் என்றாள். பிறகு மிச்சத்தையும் அப்படியே குடித்து முடித்தாள். இரண்டாவது கோப்பைக்குத்தான் சீனிக்கு உள்ளங்கையை நீட்டினாள்.

உன் ஆய்வை எழுதும்போது அந்தக் கசப்பையும் ஒரு வரி எழுது மகள். வெறுந்தலையோடு பனிக்குள் திரியாதே, தம்பியின் பிறந்தநாளுக்குப் போன் எடுக்க மறந்துவிடாதே. எடுத்த காரியம் எல்லாம் நல்லபடி முடிந்து நீ நிறைவாக வாழ வேண்டும்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா குகனேஸ்வரி