உன் விசாவில் நான் எழுதிய பெயர்

மச்சான்,

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்று இன்று பழைய ஃபைலை எடுத்தேன். உள்ளே ஒரு கவரில் உன் புகைப்படங்கள் நான்கு. வெள்ளைப் பின்னணி, இரண்டு காதும் தெரிய வேண்டும், பல் தெரியக் கூடாது. குமணன்சாவடி ஸ்டூடியோக்காரர் மூன்று முறை எடுத்தும் நீ சிரித்துக்கொண்டேதான் இருந்தாய். "இன்னா சார், விசா வேணுமா வேணாமா?" என்று அவர் அலுத்துக்கொண்ட பிறகுதான் வாயை மூடினாய். சிரிப்பில்லாத இந்தப் படத்தில் நீ வேறு யாரோ மாதிரி இருக்கிறாய்.

ஆவடி குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்த நமக்கு, ஆறு மாதம் தரைவழியாகவே நாடு நாடாகச் சுற்ற வேண்டும் என்ற கிறுக்கு எங்கிருந்து வந்ததோ. பாங்காக் வரை விமானம், அதன் பிறகு பஸ்ஸும் ரயிலும். கிளம்பும்வரை மலையையும் ஆற்றையும்தான் நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் பாதி நாள் படிவத்திலேயே போனது. எந்த எல்லை வழியாக நுழைவாய், எங்கே தங்குவாய், திரும்பிப் போக டிக்கெட் உண்டா. ஒரு விசா முடிவதற்குள் அடுத்தது கைக்கு வர வேண்டும். நீ நோட்டுப் போட்டுத் தேதிகளை எழுதி வைத்தாய். நான் அதையும் கேலி செய்தேன்.

லாவோஸில் ஒரு விடுதியில் உட்கார்ந்து, வியட்நாம் இ-விசாவுக்கு இரண்டு பேருக்கும் நான்தான் விண்ணப்பித்தேன். உன் பாஸ்போர்ட்டில் உன் பெயர் மட்டும். குடும்பப் பெயர் என்ற இடம் காலி. நம் ஊரில் யாருக்கு இருக்கிறது குடும்பப் பெயர்? நமக்கு இனிஷியல் போதும். படிவம் கேட்கிறதே என்று அந்தக் கட்டத்தில் உன் அப்பா பெயரை அடித்தேன்.

"டேய், பாஸ்போர்ட்ல இல்லாதத எதுக்குடா போடுற? இன்னொருவாட்டி பாத்துக்கினு போடு" என்றாய்.

"உங்கப்பன் பேருதானே, ஊரான் பேரா? ஒண்ணியும் ஆவாது" என்றேன்.

எல்லையில் ஆயிற்று. அதிகாரி கோபப்படக்கூட இல்லை. பாஸ்போர்ட்டையும் விசாத் தாளையும் அருகருகே வைத்து, இரண்டு பெயர்களையும் விரலால் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார். என் பாஸ்போர்ட்டில் கம்பெனி வேலைக்காக அப்பா பெயரை முன்பே சேர்த்திருந்தேன், அதனால் எனக்குச் சிக்கல் இல்லை. நீ லாவோஸ் பக்கம் திரும்பிப் போய்ப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், ஆறு நாள் ஆகும் என்றார்கள்.

"நீ போ மச்சான். ஆறு நாள்தானே, பின்னாலயே வந்துகினே கீறேன்" என்றாய். நானும் உன்னோடு திரும்பியிருக்கலாம். ஹனோய்க்குப் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறிவிட்டேன்.

ஆறு நாளில் விசா வரவில்லை. லாவோஸில் உனக்கிருந்த நாட்களும் தீர்ந்துபோக, நீ ஊர் திரும்பினாய். கேட்டவர்களிடம் என்ன சொன்னாய்? "ஊட்டு ஞாபகம் வந்துட்சி, அதான் வந்துட்டேன்." அவ்வளவுதான். நான் திரும்பி வந்து டீக்கடையில் கதை அளந்தபோது முதல் ஆளாக உட்கார்ந்து கேட்டவன் நீ. பயந்தாங்கொள்ளி என்று மற்றவர்கள் உன்னை ஓட்டும்போது என் முகத்தை ஒரு தரம் பார்ப்பாய். நான் டீயைக் குடிப்பேன். ஏழு வருடம் அப்படியே குடித்திருக்கிறேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் உன் காரியத்தன்றும் நம் செட்டில் ஒருவன் அன்பாகத்தான் ஆரம்பித்தான். "எவ்ளோ ஓட்டியிருப்போம் அவன. ஊட்ட உட்டு நாலு நாள் இருக்க மாட்டான், பாவம்." எனக்குப் பொறுக்கவில்லை. உன் மனைவி முன்னால் போய் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். "அவன் பயந்துகினு திரும்பி வந்தவன் இல்லம்மா. விசாவுல தப்பாப் போட்டது நான். அவன அங்க உட்டுட்டுப் போனதும் நான்தான்."

அவள் ஆச்சரியப்படவில்லை. "தெரியும்ண்ணா. கல்யாணம் ஆன புதுசுலயே சொன்னாரு. 'அவனே ஒருநாள் சொல்லுவான், அதுவரைக்கும் நீ ஒண்ணும் கேட்டுடாத'ன்னாரு."

உனக்காக ஆறு நாள் நிற்க எனக்கு மனசு வரவில்லை. நான் வாயைத் திறப்பேன் என்று நீ ஏழு வருடம் காத்திருந்திருக்கிறாய். திறந்தேன், மச்சான். கேட்க நீ இல்லை.