எடையில்லாத நூல்

அன்புள்ள அப்பா,

நேரில் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால் இதை உங்கள் டிபன் பையில் வைக்கிறேன்.

இயற்பியல் கணக்கில் இரண்டு கற்கள் ஒரு நூலில் தொங்குகின்றன. அந்த நூலுக்கு எடையே கிடையாதாம்.

"எங்கப்பா கம்பெனில நூலை கிலோக் கணக்குலதானுங்க மிஸ் வாங்கறாங்க?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது.

"எடை இல்லீன்னு வெச்சுக்க கண்ணு. பனியன் கம்பெனிய மறந்துரு" என்றார் மிஸ்.

பரீட்சையில் மனம் கேட்காமல் நூலுக்கும் கொஞ்சம் எடை போட்டுவிட்டேன். மார்க்கை இங்கே எழுதவில்லை.

என்னை ஆர்ட்ஸ் குரூப்புக்கு மாற்றச் சொல்லி மிஸ் நாளை உங்களுக்குப் போன் செய்வார். வரலாறு எனக்கு ஒரு முறை படித்தாலே புரிந்துவிடும். அப்புறம் கேட்க ஒன்றும் இருக்காது. இயற்பியல் புரியவில்லை, ஆனால் பஸ்ஸில்கூட அதையே யோசிக்கிறேன்.

நீங்கள் யார் எது சொன்னாலும் "சரிங்க" என்பீர்கள். நாளை மட்டும் "இல்லீங்க, அவ அங்கயே இருக்கட்டும்" என்று சொல்லுங்கள்.

உங்கள் மகள்