பாதியில் நிற்கும் பேய்ப்படம்

மாமா,

வாட்ஸப்பில் கேட்டால் கட்டைவிரலை மட்டும் அனுப்புவீர்கள். அதனால் கல்யாணமான நாலு வருஷத்தில் முதல்முறையாக உங்களுக்குக் காகிதத்தில் எழுதுகிறேன்.

நீங்கள் வாங்கித் தந்த ஹெட்போனைப் போட்டால் காரிமங்கலம் சந்தை இரைச்சல்கூடக் கேட்பதில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற எனக்கு அது பெரிய உதவி. என் பக்கத்துச் சத்தமே கேட்காததால் மேனேஜர்தான், "லைன்ல இருக்கீங்களா?" என்று நொடிக்கொரு தரம் கேட்கிறார். சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிக்கிறவளையே சந்தேகப்படுகிறார். போன மாதம் எங்கள் டீமில் ஆறு பேரை அனுப்பிவிட்டார்கள். ஆபீஸ் கொடுத்திருந்த லேப்டாப்பை அன்றைக்கே திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை சாப்பிடும்போது படம் பார்க்கலாம் என்று நம் அக்கவுன்ட்டைத் திறந்தேன். நான் பார்க்காத பேய்ப்படம் ஒன்று பாதியில் நின்றிருந்தது. செவ்வாய்க்கிழமை மூன்று படம், புதன்கிழமை நான்கு. "ஆபீஸ்ல மூச்சு வுட நேரமில்ல புள்ள" என்று பெங்களூரிலிருந்து நீங்கள் சொன்ன அதே நாட்கள். யாரோ பாஸ்வேர்டைத் திருடிவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு, உங்கள் பக்கத்தில் யாரோ உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். தட்டை மூடி வைத்துவிட்டேன்.

நேற்று நீங்கள் வந்ததும் பையை வாங்கப் போனேன். "கனமா இருக்கும், நானே வெக்கிறேன்" என்று பிடுங்கிக்கொண்டீர்கள். அதற்குள் பையின் எடை என் கைக்குத் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை பஸ் ஏற வேண்டாம். மீதிப் படத்தை இங்கேயே பார்க்கலாம். எனக்கும் பயம்தான்.

இந்தக் கடிதத்தை உங்கள் பையில், லேப்டாப் வைக்கிற இடத்தில் வைத்திருக்கிறேன். அங்கேதான் இடம் இருந்தது.

உங்கள் வூட்டுக்காரி