ஒரு மணி பத்து நிமிடத்தை நம்பும் உன் அப்பா

என் மூத்த மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பேத்திகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கேயும் அப்படியே என்று எழுதத்தான் கை வரவில்லை. வியாழக்கிழமை காலை முதல் விமானத்தில் வருகிறேன், ஒரு மணி பத்து நிமிடம்தானே என்று அப்பாவிடம் சொன்னாயாம். அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு மனுஷன் டாக்டரிடம் போய், என் பையன் ஆறரைக்கு ஏறினா எட்டுக்குள்ள கட்டில் பக்கத்துல நிப்பான், எட்டு மணிக்கே வயித்துக் கட்டிய எடுத்துடுங்கன்னு சொல்லி நேரம் வாங்கிவிட்டார். சம்மதக் காகிதத்தில் கையெழுத்தும் போடவில்லை, நீ பக்கத்தில் நின்றால்தான் போடுவாராம். எட்டுக்குக் கையெழுத்து இல்லைன்னா அடுத்தவங்களக் கூட்டிட்டுப் போயிடுவாங்க தாத்தா, அப்புறம் மூணு வாரம் ஆகும் என்று நர்ஸ் சொல்லிப் பார்த்தாள். மூன்று வாரம் அந்தக் கட்டி தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

நான் அதிகம் படிக்காதவள், ஆனால் கணக்கு தெரியும். டிக்கெட் கடைப் பெண்ணிடம் உட்கார்ந்து கேட்டேன். முதல் விமானம் ஆறு நாற்பதுக்குக் கிளம்பி ஏழு ஐம்பதுக்கு இறங்குகிறது. பெட்டிக்கு அரை மணி, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி. நீ வரும்போது மணி பத்தாகிவிடும். ஆகாயத்தில் பறக்கிற நேரத்தை மட்டும் சொல்கிறாயே, தரையில் கிடக்கிற நேரத்தை யார் சொல்வது? அறுநூறு கிலோமீட்டர், பஸ்ஸில் பதிமூன்று மணி நேரமாக இருந்தபோது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாய். விமானம் வந்து ஆறு வருஷம், நீ வந்தது நான்கே முறை, தேதி கேட்டாலும் சொல்வேன். எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று ஆனதிலிருந்து எப்போதும் வருவதில்லை. உன் பெரியப்பா தவறிப்போனபோது நீ வந்து சேர்ந்த நேரம் வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அதை நான் மறக்கவில்லை. இதையெல்லாம் போனில் சொல்ல விடமாட்டேன் என்கிறார் உன் அப்பா, அவன் லீவைக் கெடுக்காதேடி என்று பிடுங்கிக்கொள்கிறார். அதனால்தான் கூரியரில் போடுகிறேன், திங்கட்கிழமை கையில் கிடைக்கும் என்றான் கடைக்காரன்.

புதன்கிழமை மதிய விமானத்திலேயே வந்துவிடு. இடம் இல்லை என்றால் பஸ்ஸில் ஏறு, இடுப்பு வலித்தால் நான் தேய்த்துவிடுகிறேன். மருமகளையும் கூட்டி வா. போன தடவை என் தலையணை உறை நாறுகிறது என்றாள், அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். குழந்தைகளோடு நூறு வயசு நன்றாக இரு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், நான் எழுதினேன் என்று அப்பாவிடம் மூச்சு விடாதே. மனசு கேக்கலப்பா, ஒரு நாள் முன்னாடியே கிளம்பிட்டேன்னு சொல். நீயாக வந்ததாகவே அவர் நினைத்துக்கொண்டு உள்ளே போகட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா