நமத்துப்போன வெடி

சிநேகிதா,

இன்று காலை வெடிமருந்து வாடை நம் தையற்கடைக்குள் வந்தது. எதிர்க்கடைக்காரன் தீபாவளிக்கு ஆயத்தமாகிவிட்டான். சீனப் பெருநாளுக்கு விற்காமல் தங்கி, மழையில் நமத்துப்போன வெடிகளை, பழையபடி தகரக்கூரைமேல் சாக்கு விரித்து உலர்த்தியிருந்தான். பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அவன் வியாபாரம் உனக்குத் தெரிந்ததுதான். வெடிக்காததைத் திருப்பிக் கொண்டுபோனால் வேறு தருவான். கடைத்தெருவே அவனைத் தர்மவான் என்று மெச்சியது, நாமும்தான் மெச்சினோம். திரும்பி வந்ததையே காயவைத்து, புதுத் திரி செருகி மறுபடி நம் தலையில் கட்டினான் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கடைசித் தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, நீயே தைத்த சட்டையோடு கடை வாசலில் நின்றாய். ஊருக்கெல்லாம் ஒழுங்காகத் தைப்பவன் தன் காலரைக் கோணலாக வைத்திருக்கிறான் என்று கேலி செய்தேன். நீ கொளுத்திய மூன்றாவது வெடி புஸ்ஸென்று அடங்கியது. "எடுத்து வைப்பா, மாத்திக்கலாம்" என்றேன். ஆம், சொன்னது நான்தான். நீ குனிந்து எடுத்தாய். கையிலேயே வெடித்தது. ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்தார்கள். புண் சீழ்பிடித்து ஜன்னி கண்டு, எட்டாம் நாள் போய்விட்டாய்.

துக்கம் விசாரிக்க வந்த அந்த வெடிக்கடைக்காரனிடம் நியாயம் கேட்டேன். "நான் என்னண்ணே செய்றது? அவருதான் அவசரப்பட்டுட்டாரு லா" என்றான். இவனை இனி நிம்மதியாக விற்க விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

அதுமுதல் ஒவ்வொரு தீபாவளி நெருங்கும்போதும் வாசலில் ஒரு வாளித் தண்ணீரோடு உட்கார்ந்துகொள்கிறேன். அவனிடம் வாங்கி வருகிறவர்களை நிறுத்தி உனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வெடிக்காததன் கிட்டே போகாதீர்கள், வெகுநேரம் விட்டுத் தள்ளி நின்று தண்ணீரைக் கொட்டுங்கள், மாற்றுவதற்கென்று கையில் எடுக்கவே எடுக்காதீர்கள் என்கிறேன். பாதிப்பேர் அப்படியே திரும்பிப்போய் அவனிடமே கொடுத்துவிடுகிறார்கள். அவன் முகம் சுண்டிப்போவதைப் பார்க்க எனக்கு இனிக்கிறது. நீ இருந்தால் என்னைத் திட்டுவாய். திட்டிக்கொள்.

இன்று அவனுக்குப் பொறுக்கவில்லை. தன் சரக்கு நல்லது என்று காட்ட, தெருவில் கூட்டம் சேர்த்து ஒன்றைக் கொளுத்தினான். திரி எரிந்து அடங்கியது, சத்தம் வரவில்லை. கூட்டம் சிரித்தது. அவமானம் தாங்காமல் விறுவிறுவென்று போய்க் குனிந்தான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கத்தான் நினைத்தேன். இத்தனை வருஷமாக இதற்குத்தானே காத்திருந்தேன். ஆனால் "தொடாதே" என்று கத்திவிட்டேன். அவன் கையை இழுத்துக்கொண்ட மறுகணம் அது வெடித்தது.

அழுதுகொண்டே என் காலைப் பிடிக்க வந்தான். உதறித் தள்ளினேன். அவனை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. உனக்குச் சொல்லியிருக்க வேண்டிய ஒரே ஒரு சொல், அதைப் போய் அவனுக்குச் சொல்லும்படி ஆகிவிட்டதே என்றுதான் இன்னும் நெஞ்சு கொதிக்கிறது.