மீதி ஏழு விநாடி

மார்ச் 4

மதிப்பிற்குரிய உதவி இயக்குநர் அவர்களுக்கு,

நாற்பத்தெட்டு வருஷம் கழித்து எழுதுவதால் யார் என்று சொல்லிவிடுகிறேன். நம் படத்தில் இளவரசி தன் காதலனுக்குக் கடைசிக் கடிதம் எழுதுவாளே, அந்தக் கை என்னுடையது. கான்வென்ட்டில் சிஸ்டர்கள் விரலில் அடித்துப் பழக்கிய எழுத்து. நடிகையின் எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறதென்று, நான் வேலைபார்த்த பள்ளிக்கூடத்துக்கே வந்து என்னை அழைத்துப்போனவர் நீங்கள்.

அந்தப் படத்தைச் சுத்தம்செய்து மறுபடி வெளியிடுகிறார்களாம். காப்பகத்துப் பெண் போன் செய்தாள். என் கணவர், உங்கள் எடிட்டர், வெட்டி ஒதுக்கிய துண்டு ஒரு டப்பாவில் கிடைத்ததாம். படத்தில் என் கை வருவது நான்கு விநாடி, எடுத்தது பதினொன்று. "மேடம், லெட்டர் முழுசும் முத்து முத்தா படிக்க முடியுது!" என்று குதிக்கிறாள். மீதி ஏழு விநாடியையும் சேர்க்க வேண்டுமாம். இயக்குநர் தரப்பில் இன்று இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் சம்மதம் வேண்டுமாம்.

கொடுக்காதீர்கள். அன்று அந்தக் காகிதத்தை மடித்து உங்கள் கையில்தான் கொடுத்தேன். படித்தீர்கள், வரவில்லை. அது உங்கள் இஷ்டம். அதைத் தியேட்டரே உட்கார்ந்து படிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
எடிட்டரின் மனைவி

மார்ச் 11

அன்புள்ள கையெழுத்து டீச்சருக்கு,

செட்டில் உங்களை அப்படித்தானே கூப்பிட்டோம்! எடிட்டர் தவறிய செய்தி தெரிந்தும் வர முடியவில்லை. முழங்கால். மன்னிக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒன்றும் விளங்கவில்லை. நான் எங்கே வரவில்லை? எதைப் படித்தேன்? நீங்கள் மடித்துக் கொடுத்ததை அப்படியே மந்திரி வேஷக்காரரிடம் நீட்டினேன். அடுத்த ஷாட்டில் அவர் அதை விளக்கில் கொளுத்த வேண்டும். கதையே அதுதானே? கடிதம் கிடைக்காமல், அவள் தன்னைக் கைவிட்டாள் என்றெண்ணி இளவரசன் போருக்குப் போய்ச் சாகிறான். அது தெரிந்து அவளும் சாகிறாள். நெருப்பு நன்றாகப் பிடிக்கிறதா என்றுதான் நான் பார்த்தேன்.

அதில் என்னதான் எழுதியிருந்தீர்கள்?

உங்கள்,
உதவி
(கடைசிவரை இயக்குநர் ஆகவில்லை. பழைய பெயரே போதும்.)

மார்ச் 19

உதவி அவர்களுக்கு,

உங்கள் எழுத்து இன்னும் கோட்டை விட்டு இறங்கி ஓடுகிறது.

"என் இளவரசே" என்று முதல் வரி இருந்தால் போதும், கீழே எதையாவது கிறுக்குங்கள் என்றார் இயக்குநர். நான் எதையும் கிறுக்குவதில்லை. "சனிக்கிழமை நான்கு மணிக்கு நூலகத்துப் படிக்கட்டில் இருப்பேன். மனமிருந்தால் வாருங்கள். வராவிட்டால் இனி ஒருநாளும் கேட்க மாட்டேன்" என்று எழுதினேன்.

படிக்கட்டுக்கு வந்தவர் எடிட்டர். அதுவும் உங்கள் நீலக் கட்டம் போட்ட சட்டையில். இரண்டாவது பொத்தான் மட்டும் வெள்ளை; எனக்குத் தெரியாதா? "வந்துட்டேங்க" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. மாட்டேன் என்று சொல்லக்கூட உங்களுக்கு நேரமில்லை, ஆள் அனுப்பியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். விளக்கம் கேட்பது என் வழக்கமில்லை. அவரோடு நடந்தேன். அடுத்த வருஷம் கல்யாணம்.

படம் வந்தபோது, "ஒரு கடிதம் போய்ச் சேராவிட்டால் இன்னொன்று எழுத மாட்டாளா, மடச்சி?" என்று இளவரசியைப் பார்த்துச் சிரித்தவள் நான்.

சட்டையை ஏன் கொடுத்தீர்கள்?

கையெழுத்து டீச்சர்

மார்ச் 25

டீச்சர்,

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எடிட்டர் என் அறைக்கு வந்தார். "நல்ல சட்டையா ஒண்ணு குடுப்பா. என்னுது எல்லாத்துலயும் பிலிம் ஒட்டுற பசை" என்றார்.

"எதுக்குய்யா, பொண்ணு பாக்கப் போறியா?"

காதெல்லாம் சிவந்துவிட்டது. "ஒருத்தங்க என்னை வரச் சொல்லி எழுதியிருக்காங்க."

"உன்னையா? பாவம், கண்ணு சரியாத் தெரியாதவங்களா இருக்கும்" என்றேன். காலரை இழுத்துவிட்டு அனுப்பியவனும் நான்தான்.

வெளியே போட்டுக்கொண்டு போகும்படி என்னிடம் இருந்தது அந்த ஒரு சட்டைதான். சாயங்காலம் வரை பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காகிதத்தைப் படித்திருந்தால் பனியனோடே வந்திருப்பேன், டீச்சர்.

சம்மதப் படிவம் மேசைமேல் இருக்கிறது. ஏழு விநாடியையும் சேர்க்கச் சொல்லிவிடட்டுமா? ஒரு தடவையாவது என் கண்ணால் படித்துவிடுகிறேனே. படம் திரையிடும் அன்றைக்கு உங்கள் பக்கத்து இருக்கையில் உட்காரலாமா?

உதவி

ஏப்ரல் 9

அன்புள்ள உதவிக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். அடித்தல் திருத்தல்கூட இல்லாமல் எழுதிப் பழகியவள் நான்.

யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன். முதலில் அவர்மேல் வந்தது, எடிட்டிங் மேசையில் பதினொரு விநாடியையும் ஓட்டிப் படித்துவிட்டு மந்திரி வேலை பார்த்துவிட்டார் என்று. பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. அன்று நான் பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்து, "அழகா எழுதுங்க டீச்சர். மத்தவங்களுக்கு நாலு செகண்டுதான். முழுசா படிக்கப்போறவன் நான் ஒருத்தன்தான்" என்றார். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு அதை எழுதினேன். அவர் வேறென்ன நினைப்பார்?

எங்களுக்குள் சண்டை வந்தால், பெரும்பாலும் நான்தான் தொடங்குவேன், கடைசியில் அவர், "நீ கூப்பிட்டுத்தானே வந்தேன்" என்பார். அசட்டுப் பேச்சு என்று நாற்பத்துமூன்று வருஷம் அதட்டி அடக்கினேன். எப்போது கூப்பிட்டேன் என்று ஒருதடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? கேட்காததுதான் நல்லதா? நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். அப்படியென்றால் இப்போது ஏன் இப்படி இருக்கிறது? உங்கள் பனியனை நினைத்தால் சிரிப்பு வருகிறது. பாதியில் அது வேறாகிவிடுகிறது.

காப்பகத்துக்கு எழுதிவிடுங்கள்: எடிட்டர் வெட்டிய இடத்திலேயே ஷாட் முடிய வேண்டும். மீதியை டப்பாவில் போட்டு மூடட்டும்.

என் பக்கத்து இருக்கையை அவருக்காகக் காலியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் அதற்கு அடுத்ததில் உட்காருங்கள். நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

அந்தக் கடிதத்தை நான் எழுதியது உங்களுக்குத்தான். போய்ச் சேர்ந்தது அவருக்கு. இன்னொருவருக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படிக்கக் கூடாது என்றுதான் சிஸ்டர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

இப்படிக்கு,
எடிட்டரின் மனைவி